மாற்றாரின் மனம் புகுந்த மகாத்மா

நாவினால் வாழ்ந்தோரும் உளர். நாவினாற் கெட்டோரும் உளர். வேலிக் கதியால் ஒன்று ஓரடி தள்ளி நடப்பட்டதில் தொடங்கும் சிறு பிணக்கு, சுடுசொல் ஒன்றினால் வளர்ந்து, கோட்டுப்படி ஏறி, ஈற்றில் இரு பகுதியாரின் காணியையும் விழுங்கிவிடுதலை நாம் நம் ஊர்களிற் கண்டிருக்கின்றோம். கதியாலை இடம் மாற்றி நடுதல் ஒரு நாழிகை வேலை. சொன்ன சொல்லை மீட்டெடுத்தலோ ஒரு தலைமுறைக்கும் ஆகாத வேலை. இதனை நன்கறிந்தே திருவள்ளுவர் இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரமும், புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரமும், பயனில சொல்லாமைக்கு ஓர் அதிகாரமும், சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். ஒரு நாவை அடக்க நான்கு அதிகாரம் வேண்டியிருந்தது போலும்!

இனிமையாகப் பேச வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால், நமக்குத் தீங்கிழைத்தவனோடு, நம் உரிமையைப் பறித்தவனோடு, நம்மை இகழ்ந்தவனோடு எவ்வாறு பேசுவது? அவனுக்கு அடங்கிப் போதல் கோழைமை. அவனைத் தூற்றுதல் பகைமை. இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவது வழி ஒன்று உண்டா? உண்டென்று வாழ்ந்து காட்டியவர் காந்தியடிகள். அவருடைய அரசியலைப் பற்றியும் தவத்தைப் பற்றியும் நூல்கள் பல உள. மாற்றாரோடு அவர் பேசிப் பழகிய முறை ஒன்றை மாத்திரம் இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது.

காந்தியடிகள் பிறவி நாவலர் அல்லர். 1869 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 2 ஆம் நாள், குஜராத்திலுள்ள போர்பந்தரிலே, திவான் கரம்சந்த் காந்தியாருக்கும் புத்லிபாய் அம்மையாருக்கும் கடைசி மகனாகப் பிறந்த மோகன்தாஸ், பாடசாலை விட்டதும் பிறரோடு பேச நேருமே என்றஞ்சி வீட்டுக்கு ஓடிவிடும் கூச்சமுள்ள பிள்ளை. 1888 இல் சட்டம் பயில இலண்டன் சென்றபோதும் அக்கூச்சம் அவரை விட்டிலது. மரக்கறி உணவினர் சங்கத்தில் தாம் எழுதிய உரையைப் பிறரைக் கொண்டு வாசிப்பித்தார். 1891 இல் பரிஸ்டராகத் திரும்பி, பம்பாயில் முதல் வழக்குக்கு எழுந்து நின்றபோது தலை சுழன்றது, வாய் எழவில்லை. வழக்கை வேறொருவரிடம் கொடுக்கச் சொல்லிவிட்டுக் கட்டணத்தையும் திருப்பிக் கொடுத்து வெளியேறினார். பிற்காலத்தில் அவர் இக்கூச்சத்தைத் தமக்கு வாய்த்த கேடயம் என்றே மதித்தார். சொல்லை அளந்து செலவிடும் பழக்கத்தை அது அவருக்குக் கற்பித்தது. பேச அஞ்சியவன் பிறர் பேசுவதைக் கேட்கப் பழகுகின்றான்.

சொல்லின் ஆற்றலை அவர் முதன்முதல் உணர்ந்தது தந்தையாரின் நோய்ப்படுக்கையருகே. ஏறக்குறையப் பதினைந்து வயதில், தமையனாரின் கடனைத் தீர்க்க அவருடைய பொற்காப்பிலிருந்து சிறிது பொன்னை வெட்டியெடுத்தார். மனம் பொறுக்கவில்லை. நேரிற் சொல்ல நா எழாமையால், நடந்ததை ஒளிக்காது எழுதி, தண்டனையும் வேண்டி, அக்கடிதத்தைத் தந்தையாரின் கையிற் கொடுத்தார். தந்தையார் எழுந்திருந்து வாசித்தார். கண்ணீர் முத்து முத்தாய் உதிர்ந்து தாளை நனைத்தது. சற்று நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டுத் தாளைக் கிழித்தெறிந்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆயிரம் அடிகள் திருத்தமுடியாத மகனை அந்த மௌனம் திருத்திற்று. மனம் திறந்து சொல்லும் உண்மைக்குக் கோபத்தை உருக்கும் வலிமை உண்டென்பதை அன்று கண்டவர், அதனை வாழ்நாளெல்லாம் கைவிடவில்லை.

இலண்டனிலேதான் அவர் பகவத் கீதையை முதன்முதற் படித்தார். அதுவும் ஆங்கில மொழிபெயர்ப்பில். மிஷன் பாடசாலைகளிற் பயின்ற நம்மிற் பலர் காலைத் தொழுகையிற் கேட்டிருக்கும் மலைப்பிரசங்கத்தையும் அக்காலத்திலேயே படித்து, இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்துக் காண அவருடைய இளமனம் முயன்றது. படித்ததைப் பரீட்சித்துப் பார்க்கும் களமாகத் தென்னாபிரிக்கா அமைந்தது.

1893 இல் தாதா அப்துல்லா என்னும் வணிகரின் வழக்குக்கு உதவியாளராக அவர் நேட்டாலுக்குச் சென்றார். எதிர்வாதியான தையப் சேட்டும் போர்பந்தரைச் சேர்ந்தவர், வாதியின் உறவினர். வழக்கின் பெறுமதி 40,000 பவுண். வழக்கின் கணக்கையெல்லாம் ஊன்றிப் படித்த இளைஞர் காந்தி, தம் கட்சிக்காரர் பக்கமே நியாயம் உண்டென்று கண்டார். கண்டும் மகிழவில்லை. வழக்கு நீண்டால் இருவரும் அழிவர். ஓரூரைச் சேர்ந்த உறவினர் தீராப் பகைவராவர். எனவே எதிர்வாதியிடம் தாமே சென்று, நடுவர் ஒருவரிடம் வழக்கை ஒப்படைக்கும்படி வேண்டினார். நடுவர் முன்னிலையில் தாதா அப்துல்லா வென்றார். தீர்ப்புத் தொகை 37,000 பவுணும் செலவும்.

மற்றொரு வழக்கறிஞர் இங்கே வெற்றி முரசு கொட்டி வீடு திரும்பியிருப்பார். காந்தியாரின் வேலை இங்கேதான் தொடங்கிற்று. அத்தொகையை ஒரே தடவையிற் செலுத்தினால் தையப் சேட் முறிந்துபோவார். கடன் முறிவிலும் சாவே மேல் என்று கருதுவது அவ்வணிக மரபினரின் மானம். ஆதலால், தோற்றவர் நீண்ட காலத் தவணைகளிற் கட்டுவதற்கு வென்றவரை இணங்கச் செய்தார். வழக்கை வெல்வதிலும் பார்க்க அவ்விணக்கத்தைப் பெறுவதே கடினமாயிருந்தது. இருவர் மானமும் பிழைத்தது. வழக்கறிஞனின் மெய்யான கடமை பிரிந்தோரைக் கூட்டுவதே என்று அன்று தெளிந்தவர், தாம் நியாயவாதியாயிருந்த இருபது ஆண்டுகளிலும் நூற்றுக்கணக்கான வழக்குகளை நீதிமன்றத்துக்கு வெளியே தீர்த்துவைத்தார்.

அடுத்த நிகழ்ச்சி தமிழர் நெஞ்சில் நிற்பது. 1894 இல், ஒப்பந்தக் கூலியாக உழைத்த பாலசுந்தரம் என்னும் தமிழர், கிழிந்த உடையும் உடைந்த முன்பற்களும் இரத்தம் வடியும் வாயுமாய்க் காந்தியாரிடம் வந்தார். எசமானன் அடித்த அடி அது. அந்நிலையிலும் அவர் தலைத்துணியைக் கழற்றிக் கையிற் பிடித்திருந்தார். மேலோர் முன்னே அவ்வாறு நிற்கவேண்டும் என்பது கூலிகளுக்கு அங்கே விதிக்கப்பட்ட வழக்கம். காந்தியார் தலைத்துணியைக் கட்டிக்கொள்ளும்படி வேண்டினார். தயங்கித் தயங்கி அதனைக் கட்டிக்கொண்ட பாலசுந்தரத்தின் முகத்தில் ஒரு மகிழ்ச்சி தோன்றியது. புண்பட்டது பல் மாத்திரமன்று, மானமும் என்பதை அவ்வொரு வேண்டுகோள் உணர்ந்துகொண்டது. பின்னர், எசமானனைச் சிறைக்கு அனுப்புவதிற் காந்தியார் முனையவில்லை. அவனோடு பேசி, பாலசுந்தரத்தை வேறொருவரிடம் மாற்றுவதற்கு உடன்படச் செய்து, நல்ல எசமானர் ஒருவரையும் தேடிக் கொடுத்தார். தம்மைத் தேடி வரும் இத்தகைய தொழிலாளரோடு அவர்கள் மொழியிற் பேசவேண்டும் என்னும் ஆவலால், கப்பற் பயணத்திலும் பின்னர் சிறையிலும் தமிழ் நூலை வைத்துக்கொண்டு படித்தார். பெரும்புலமை கைகூடவில்லை, ஆயினும் அம்முயற்சியே தமிழ்த் தொழிலாளரை அவர்பால் ஈர்த்தது.

சொல் எவ்வாறு திரிந்து கேடு விளைக்கும் என்பதையும் அவர் தம் உடம்பிலேயே அறிந்தார். 1896 இல் இந்தியா வந்தபோது நேட்டால் இந்தியரின் துன்பத்தை விவரித்து ஒரு சிறுநூல் வெளியிட்டார். அடக்கமான நடையில் எழுதப்பட்ட அதன் சாரம், மூன்று வரிக்கு மேற்படாத தந்தியாகச் சுருங்கி நேட்டாலை எட்டியது. அவ்வரிகளைப் படித்த வெள்ளையர் தம்மை அவர் உலகெங்கும் தூற்றிவிட்டதாக எண்ணிக் கொதித்தனர். 1897 ஜனவரி 13 ஆம் நாள் அவர் டர்பனில் இறங்கியபோது, கல்லும் செங்கல்லும் அழுகிய முட்டையும் அவர்மேற் பொழிந்தன. பொலிஸ் அதிபரின் மனைவியார் அலெக்சாண்டர் அம்மையார் தம் குடையை விரித்து இடையே நின்றிராவிடில் அவர் உயிர் தப்பியிருத்தல் அரிது. தாக்கியோர்மீது வழக்குத் தொடரும்படி இலண்டனிலிருந்து குடியேற்ற நாட்டு மந்திரியே பணித்தார். காந்தியார் மறுத்தார். அம்மக்கள் பொய்ச் செய்தியை நம்பியவர்கள். மெய் தெரிந்ததும் தாமே வருந்துவர் என்பது அவர் கருத்து. செய்தித்தாளுக்கு முழு விளக்கம் கொடுத்தார். அவ்விளக்கமும், வழக்குத் தொடராமையும் சேர்ந்து டர்பன் வெள்ளையரை நாணச் செய்தன.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. புறத்தே பகைவரிடம் பொறுமை காட்டிய அவர், அகத்தே மனைவியாரிடம் அதனை இழந்ததுண்டு. 1898 அளவில், டர்பன் வீட்டில் தங்கியிருந்த எழுத்தர் ஒருவரின் கழிவுப் பாத்திரத்தைக் கஸ்தூரிபாய் அம்மையார் சுத்தஞ் செய்யவேண்டியதாயிற்று. அவ்வெழுத்தர் தீண்டாதார் எனப்பட்ட குடியிற் பிறந்த கிறித்தவர். அம்மையார் கண்ணீரோடு அதனைத் தூக்கிவந்தார். முகமலர்ச்சியோடும் செய்யவேண்டும் என்று கணவர் சினந்து, கையைப் பற்றி இழுத்து, வாயிற் கதவைத் திறந்து வெளியே தள்ள முனைந்தார். அந்நிய நாட்டில் தமக்கு வேறு போக்கிடம் ஏது, வெட்கமில்லையா என்று அம்மையார் கேட்க, அவர் நாணிக் கதவைச் சாத்தினார். தீண்டாமையை ஒழித்தல் நல்லறமே. ஆனால், அவ்வறத்தைப் புகுத்த அவர் கையாண்ட சொல்லும் செயலும் வன்முறை. நியாயம் நம் பக்கம் இருப்பதனால் மட்டும் நம் சொல் நியாயமாகிவிடாது. இந்நிகழ்ச்சியை அவரே தம் சுயசரிதையில் உலகறிய எழுதிவைத்தார். தம்மை எதிர்த்து நின்றும் தம் அன்பைக் கைவிடாத மனைவியாரிடமே அகிம்சையின் முதற்பாடத்தைக் கற்றதாகவும் பின்னாளிற் கூறினார்.

பின்னர் வந்த சத்தியாக்கிரகப் போர்களில் இப்பாடம் முதிர்ந்து நின்றது. 1908 பெப்ரவரியில், அரசாங்கத்தோடு அவர் செய்த உடன்படிக்கையைத் துரோகமென்று எண்ணிய மீர் ஆலம் என்னும் பத்தானியர் அவரை அடித்து வீழ்த்தினார். நினைவு மீண்டதும் அவர் கேட்டுக்கொண்டது மீர் ஆலமைத் தண்டிக்கக் கூடாது என்பதே. அவரைத் தம் இல்லத்தில் வைத்துப் பேணியவர் யோசேப் டோக் என்னும் கிறித்தவப் போதகர். 1914 ஜனவரியில், இந்தியரின் போராட்டம் உச்சத்தில் நின்றவேளை, வெள்ளை இரயில்வே ஊழியரின் வேலைநிறுத்தத்தால் அரசாங்கம் தத்தளித்தது. அதுவே தக்க சமயம் என்று பலர் சொல்ல, எதிரி இடருற்றவேளை அவனைத் தாக்குதல் அறமன்று என்று தம் அணிவகுப்பை ஒத்திவைத்தார். எதிர்த்து நின்ற ஜெனரல் ஸ்மட்ஸ் இதனால் இளகினார். அவ்வாண்டு நடுவில் உடன்பாடு பிறந்து, தொழிலாளரை வாட்டிய மூன்று பவுண் வரி ஒழிந்தது. சிறையிலிருந்தபோது தம் கையாலே தைத்த செருப்புச் சோடி ஒன்றைக் காந்தியார் ஸ்மட்ஸுக்குப் பரிசளித்தார். ஸ்மட்ஸ் அதனைப் பல்லாண்டு அணிந்து, 1939 இல் காந்தியாரின் எழுபதாம் பிறந்தநாளுக்கு மரியாதையோடு திருப்பியனுப்பினார்.

1918 இல் அகமதாபாத்தில் ஆலைத் தொழிலாளருக்கும் முதலாளிமாருக்கும் சம்பளப் பிணக்கு மூண்டது. முதலாளிமாரின் தலைவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய சொந்தச் சகோதரி அனசூயா அம்மையார். இருவரும் காந்தியடிகளுக்கு வேண்டியவர்கள். தொழிலாளர் கேட்டது நூற்றுக்கு 50 வீத உயர்வு. முதலாளிமார் கொடுக்க முன்வந்தது 20 வீதம். அடிகள் இரு பகுதியின் கணக்கையும் ஆராய்ந்து, 35 வீதமே நியாயமென்று கண்டு, முதலிலே தொழிலாளரைத் தம் கோரிக்கையைக் குறைக்கச் செய்தார். வேலைக்குத் திரும்புவோரை அடிப்பதில்லை, முதலாளிமாரை ஏசுவதில்லை என்றும் உறுதி வாங்கினார். தொழிலாளர் தளர்ந்தபோது மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்தார். பிணக்கு நடுவரிடம் சென்று 35 வீதத்தில் முடிந்தது. எனினும், தம்மீது அன்பு பூண்ட முதலாளிமாரை அவ்விரதம் ஓரளவு நெருக்கிவிட்டது என்ற குறையையும் அவரே ஒப்புக்கொண்டார்.

1927 நவம்பரில் அடிகள் நம் இலங்கைக்கு எழுந்தருளினார். யாழ்ப்பாணத்து மாணவர் காங்கிரசின் அழைப்பை ஏற்று மாத இறுதியில் யாழ்ப்பாணமும் வந்தார். கதர் நிதிக்குப் பொருள் திரட்ட வந்தவர், பௌத்தரையும் கிறித்தவரையும் சைவரையும் சந்தித்து உரையாடினார். அவரை அழைத்தவர்களும் நம்மைப் போன்ற வாலிபரே. தம்மை மாலையிட்டு வரவேற்றோரைப் புகழ்ந்து குளிர்வித்துவிட்டுச் செல்லாமல், தீண்டாமையையும் மதுவையும் ஒழிக்கவேண்டும் என்று முகத்துக்கு நேரே எடுத்துரைத்தார். கனிவு என்பது முகமன் அன்று என்பதற்கு இதுவே சான்று.

1930 இல் உப்புச் சட்டத்தை மீற முன்னர், அவர் இராசப்பிரதிநிதி இர்வின் பிரபுவை நண்பர் என்று விளித்துக் கடிதம் எழுதி, தாம் செய்யப்போவதனைத்தையும் முன்கூட்டியே அறிவித்தார். அக்கடிதத்தைக் கொண்டு சென்றவர் ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்னும் ஆங்கில வாலிபர்; போராட்டம் ஆங்கிலேயரோடன்று, அநீதியோடு என்பதற்கு அவரே அடையாளமானார். 1931 செப்டெம்பரில், வட்டமேசை மகாநாட்டுக்காக இங்கிலாந்து சென்றவிடத்து, லங்காஷயர் ஆலைப்பகுதியைப் பார்க்கச் சென்றார். அந்நியத் துணி மறுப்பினால் வேலையிழந்தோர் அங்கே ஏராளம். அவர்கள் வயிற்றில் அடித்தவர் என்று பெயர் பெற்றவர், அவர்கள் வாசலுக்கே போய், குறைகளைக் கேட்டு, இந்தியக் கிராமத்து வறுமையையும் எடுத்துச் சொன்னார். துணி மறுப்பைக் கைவிடுவதாக அவர் வாக்களிக்கவில்லை. ஆயினும், ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று ஆரவாரித்தனர்.

இவ்வழி எப்போதும் வென்றதென்று கூறுதல் பொய்யாகும். மூத்த மகன் ஹரிலாலோடு ஏற்பட்ட பிளவு கடைசிவரை ஆறவில்லை. 1944 செப்டெம்பரிலே பம்பாயில், ஜின்னாவின் இல்லத்துக்குத் தாமே சென்று பதினெட்டு நாளளவில் நடத்திய பேச்சும் முறிந்தது. மனம் திறப்பது நம் கையிலுள்ளது. மற்றவர் மனம் திறப்பது நம் கையிலில்லை. அதனை உணர்ந்தும் அவர் தட்டுவதை நிறுத்தினாரல்லர்.

1946 ஒக்டோபரில் வங்காளத்து நவகாளியிலே இந்துக்கள் கொடுமைக்கு ஆளாயினர். எழுபத்தேழு வயதிலே அடிகள் அங்கு சென்று, 1947 ஜனவரி தொடங்கி இரு மாதம் வெறுங்காலோடு ஊர் ஊராய் நடந்தார். கல்லும் முள்ளும் அசுத்தமும் வழியில் இடப்பட்டன. பல ஊர்களில் முஸ்லிம் குடிசைகளிலேயே தங்கினார். அம்மக்களோடு அவர்கள் மொழியிற் பேசவேண்டுமென்று நாள்தோறும் வங்காளி எழுதிப் பழகினார்.

அவ்வாண்டு ஓகஸ்ட் 13 ஆம் நாள், சுதந்திரத்துக்கு இரு தினம் முன், கல்கத்தாவிலே முஸ்லிம்கள் அஞ்சி வாழ்ந்த பகுதியில் ஹைதரி மாளிகை என்னும் பாழ்மனையிற் குடியேறினார். உடன் தங்கியவர் முஸ்லிம் லீக் தலைவர் சுஹ்ரவர்தி. முந்திய ஆண்டுக் கலவரத்துக்குப் பொறுப்பாளரென்று இந்துக்கள் வெறுத்தவர். இந்து வாலிபர் கூட்டம் ஒன்று வாயிலில் திரண்டு, இந்துக்கள் செத்தபோது வராதவர் இப்போது ஏன் வந்தார் என்று கூச்சலிட்டது. அடிகள் அவர்களின் பிரதிநிதிகளை உள்ளே அழைத்து, சினத்தை முழுவதும் கொட்டவிட்டுக் கேட்டார்; பின்னரே தம் கருத்தைச் சொன்னார். மறுநாளும் பேச்சுத் தொடர்ந்தது. எதிர்க்க வந்த வாலிபரிற் சிலர் அவருக்குக் காவலராயினர். சுஹ்ரவர்தியும் மக்கள் முன்னே தம் பொறுப்பை ஒப்புக்கொண்டார். சுதந்திர நாளன்று இரு சமயத்தாரும் ஒருவரையொருவர் தழுவினர். மாத இறுதியிற் கலவரம் மீண்டும் மூண்டபோது, செப்டெம்பர் 1 ஆம் நாள் உண்ணாவிரதம் தொடங்கி, இரு பகுதித் தலைவரும் அமைதிக்கு உறுதி எழுதிக் கொடுத்த பின்னரே 4 ஆம் நாள் அதனை முடித்தார்.

1948 ஜனவரி 20 ஆம் நாள் டில்லியில் அவருடைய பிரார்த்தனைக் கூட்டத்திற் குண்டு வெடித்தது. அதனை வைத்த இளைஞனை வெறுக்கவேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். 30 ஆம் நாள் பிரார்த்தனைக்கு நடந்து சென்றவரைச் சுட்டு வீழ்த்தியவன் அந்நியன் அல்லன். இந்து சமயத்தின் பெயராற் பேசிய ஒருவனே. இந்து வாலிபராகிய நாம் மறக்கக்கூடாத செய்தி இது. சமயப் பற்று, மாற்றார் சொல்லைக் கேட்கும் செவியை அடைத்துவிட்டால், அது தன் சமயத்தின் மிகச் சிறந்த மகனையே கொல்லத் துணிகின்றது.

இவ்வாழ்க்கை முழுவதையும் நோக்கும்போது ஒன்று புலனாகின்றது. காந்தியடிகள் தம் நியாயத்தைச் சொல்லுமுன் எதிரியின் துன்பம் யாது, அச்சம் யாது, மானம் எங்கே தங்கியிருக்கின்றது என்று தேடினார். தையப் சேட்டின் மானத்தையும், பாலசுந்தரத்தின் தலைத்துணியையும், லங்காஷயர்ப் பெண்களின் பசியையும் கண்டவர் ஆதலின், அவருடைய மறுப்பும் உறவை முறிக்கவில்லை. கொள்கையில் இறுக்கமும் சொல்லில் இளக்கமும் ஒருங்கே அமைதல் கூடும் என்பதே அவர் நமக்கு விட்டுச்சென்ற முதுசொம்.

நம் தீவோ 1983 முதல் 2009 வரை நீண்ட போரின் வடுவைச் சுமந்து நிற்பது. ஒரே வகுப்பறையில், ஒரே பேருந்தில் அருகருகே இருந்தும், ஒருவர் மொழியை மற்றவர் அறியாமையால் வாய்மூடிச் செல்லும் தமிழரும் சிங்களவரும் இன்றும் பலர். சர்வகலாசாலை மாணவராகிய நாம் சிங்களம் கற்றல், பரீட்சைச் சித்திக்கும் உத்தியோகத்துக்கும் மாத்திரம் உரியதன்று. நம் குறையை அவர் அறியவும், அவர் அச்சத்தை நாம் அறியவும் அது வேண்டும். உரிமையைக் கேட்பதில் நாம் ஒரு சிறிதும் தளரவேண்டியதில்லை. ஆனால், மாற்றாரின் கட்சியை, அவரே கேட்டுத் தலையசைக்கும்படி நம் வாயால் எடுத்துச் சொல்ல முடியுமா என்று முதலில் நம்மை நாமே சோதித்துக்கொள்வோமாக. எழுபத்தேழு வயதுக் கிழவர் வங்காள எழுத்தைப் பழகினாரெனின், இருபது வயதுடைய நமக்குச் சொல்லத்தக்க சாட்டு ஒன்றுமில்லை.